மேல் வரிசையில் நான்கு பற்கள்

மயக்க மருந்து டாக்டரின் படிவத்தில் பதினேழு கேள்விகள் இருந்தன. லிஃப்ட்காரர் பதினாறுக்கு உண்மையான பதில் சொன்னார்.

சர்க்கரை இல்லை. ஆஸ்துமா இல்லை. சிகரெட்டை விட்டு இருபது வருஷம். குறட்டை உண்டா என்று கேட்டபோது அவர் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவி முந்திக்கொண்டாள்.

"ஜன்னல் கண்ணாடி அதிரும் டாக்டர். எழுதிக்குங்க."

"நடுவுல மூச்சு நின்னு நின்னு வருதா?"

"அதெல்லாம் இல்ல. ஒரே சீரா, மாவு மெஷின் மாதிரி."

டாக்டர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். நாற்பதைத் தாண்டிய பெண். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்தார். எதிரில் இருப்பவர்களின் முகத்தை விட அவர்களுடைய கழுத்தையும் தாடையையும்தான் அதிகம் பார்த்தார்.

"ஆடுற பல்லு, கழட்டி மாட்டுற பல்லு, ஏதாவது உண்டா?"

"எல்லாம் சொந்தப் பல்லுதான்" என்றார் லிஃப்ட்காரர்.

"வாயை நல்லாத் திறங்க. நாக்கை வெளிய நீட்டுங்க."

டார்ச் வெளிச்சம் உள்ளே போய் வந்தது. டாக்டர் அந்தக் கட்டத்தில் மட்டும் எதுவும் எழுதாமல் ஃபைலைப் புரட்டினார்.

"அம்மா, ஈசிஜி ரிப்போர்ட் இதுல இல்லையே. ரெண்டாவது மாடி கவுண்டர்ல கொஞ்சம் கேட்டு வாங்கிட்டு வர்றீங்களா?"

ஈசிஜி ஃபைலில் மூன்றாவது தாளாக இருந்தது. மனைவி எழுந்து போனாள். கதவு சாத்திய சத்தம் கேட்ட பிறகு டாக்டர் பேனாவை எடுத்தார்.

"இப்ப சொல்லுங்க சார். எத்தனை?"

"நாலு. மேல, முன்பக்கம்."

"வீட்ல தெரியாதா?"

"தெரியாது."

"கல்யாணமாகி எத்தனை வருஷம்?"

"ரெண்டு."

டாக்டர் அவருடைய நரைத்த தலையைப் பார்த்தார்.

"ஐம்பத்தி நாலு வயசுலதான் பண்ணிக்கிட்டேன் டாக்டர். முதல் கல்யாணம். கொஞ்சம் லேட்டு."

"ரெண்டு வருஷமா எப்படி மறைச்சீங்க?"

"தூங்கும்போதும் கழட்ட மாட்டேன். பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டுக் கழுவுவேன். தண்ணி வீணாகுதுன்னு தினமும் திட்டு வாங்குறேன்."

லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், ஒரு பழைய லிஃப்டின் பிரேக்கைப் பிரிக்கும்போது ஸ்பேனர் நழுவி வாயில் அடித்தது. அன்றிலிருந்து இளஞ்சிவப்புத் தகட்டில் பதித்த நான்கு பற்களை மாட்டிக்கொண்டிருக்கிறார். பல் டாக்டர் நல்ல கைக்காரர். உண்மைப் பற்கள் கூட அவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை. ஒரு கல்லூரி நூலகத்தின் லிஃப்ட் பாதி வழியில் நின்றுபோய், அதைச் சரிசெய்ய நான்கு நாள் போய் வந்தபோது அங்கே நூலகராக இருந்தவளிடம் அவர் சிரித்துப் பேசியது அந்தப் பற்களால்தான். ஆறு மாதம் கழித்துக் கல்யாணப் பேச்சை எடுத்துக்கொண்டு வந்தவன் அவளுடைய தம்பி. "அக்கா எங்க விழுந்துச்சு தெரியுமா? உங்க சிரிப்புல" என்று அவன் சொன்னபோது அவர் கன்னம் வலிக்கச் சிரித்தார். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்துச் சொல்ல நினைத்தது ஒரு வருஷம் கழித்துச் சொல்ல முடியாததாகிவிட்டது.

டாக்டர் பேனாவாலேயே காற்றில் ஒரு கழுத்தை வரைந்து காட்டினார்.

"பித்தப்பையைக் கேமரா வெச்சு எடுக்கப் போறாங்க. வயித்துல காத்தை நிரப்புவாங்க. அந்த நேரத்துல நீங்களா மூச்சு விடறது சரிப்படாது. அதனால, நீங்க தூங்கினதுக்கு அப்புறம் வாய் வழியா மூச்சுக்குழலுக்குள்ள ஒரு குழாய் வைப்பேன். மெஷின் உங்களுக்காக மூச்சு விடும். வைக்கும்போது உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. எடுக்கும்போதும் அநேகமா ஞாபகம் இருக்காது. ஆனா கழண்டு வர்ற பல்லு வாயில இருந்தா, அது தள்ளிக்கிட்டு உள்ள போயிடும். அப்புறம் நான் உங்க மூச்சைப் பார்ப்பேனா, பல்லைத் தேடுவேனா?"

"தியேட்டருக்குள்ள வந்து கழட்டித் தந்துடறேன் டாக்டர். முழிச்ச உடனே மாட்டி விட்டுடுங்க."

"மாட்ட மாட்டேன். அரை மயக்கத்துல வாயில எதுவும் இருக்கக் கூடாது. வாந்தி வரலாம். தெளிவா எழுந்து உட்கார்ந்து, தண்ணி குடிச்சதுக்கு அப்புறம் நீங்களே மாட்டிக்கலாம். சாயங்காலம் ஆயிடும். அதுக்குள்ள வீட்டு ஆளை ஒருத்தரைப் பக்கத்துல உட்கார வைப்போம்."

லிஃப்ட்காரர் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த ஒருத்தர் யாரா வேணா இருக்கலாமா?"

டாக்டர் கண்ணாடியை இறக்கி மூக்கில் போட்டுக்கொண்டார்.

"அவங்ககிட்ட சொல்லிடுங்க சார். அதுதான் சுலபம்" என்றார். பிறகு காலியாக இருந்த கட்டத்தில், மேல் வரிசையில் நான்கு பற்கள், கழற்றக்கூடியவை என்று எழுதினார்.

அன்று திங்கட்கிழமை. அறுவைசிகிச்சை வெள்ளிக்கிழமை காலை.

திங்கள் சாயங்காலம் மனைவி துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தபோது, ஜன்னல் பக்கம் பார்த்தபடி அவர் சொன்னார். "வெள்ளிக்கிழமை நீ வர வேணாம். மச்சான் வரட்டும். படிவத்துலயும் அவன் பேரைத்தான் குடுத்திருக்கேன்."

"ஏன்?"

"சும்மா உனக்கு எதுக்கு அலைச்சல்."

"உங்களுக்கு ஆபரேஷன். நான் லைப்ரரில உட்கார்ந்து புத்தகத்துக்கு சீல் குத்திட்டு இருக்கணுமா?"

"வேணாம்னா வேணாம். விடேன்."

அவர் அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. மடித்த துண்டைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

அந்தப் பேச்சில் அவள் காதில் விழுந்தது வேறொன்று. ஒன்பது வருஷத்துக்கு முன் அவளுடைய முதல் கணவர் இதே போல் ஓர் அறுவைசிகிச்சைக்குப் போனார். கதவு வரை கையைப் பிடித்துக்கொண்டு போனவள் அவள். அவர் உயிரோடு திரும்பி வரவில்லை. கணவரின் அண்ணி, ஆஸ்பத்திரி நடைபாதையில் பத்துப் பேர் நடுவே, "இவ மூஞ்சியப் பார்த்துட்டுப் போனவன் எப்படித் திரும்புவான்" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு அங்கே இருந்த யாரும் மறுப்புச் சொல்லவில்லை. கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்வதற்கு முன் லிஃப்ட்காரரிடம் அவள் இதை ஒளிக்காமல் சொன்னாள். அவர், "நான் இரும்புக் கயித்துல தொங்குறவன் மேடம். ராசி பார்த்தா ஒருநாள் கூட வேலைக்குப் போக முடியாது" என்றார். அதற்காகத்தான் அவள் சம்மதித்தாள். சிரிப்பைப் பற்றித் தம்பியிடம் சொன்னது, தம்பியிடம் சொல்ல வேறு என்ன இருக்கிறது என்பதால்.

இப்போது தன் உயிர் என்று வந்ததும் அவரும் ராசி பார்க்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஆமாம் என்று அவர் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருக்க முடியாது. கேட்காமல் இருந்தால் இருக்கலாம். அவள் இரண்டாம் முறை கேட்கவில்லை.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அவள் எல்லா வேலையையும் ஒழுங்காகச் செய்தாள். பையில் லுங்கி, துண்டு, சோப்பு, ரிப்போர்ட் எல்லாம் எடுத்து வைத்தாள். தான் சாப்பிடும் நேரத்தை மட்டும் மாற்றிக்கொண்டாள். சாப்பிட்டாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் கவனித்ததெல்லாம், சொல்ல வாயெடுத்த ஒவ்வொரு முறையும் அவள் அடுத்த அறைக்குப் போய்விட்டாள் என்பதைத்தான். அவருக்கு அதில் ஒரு வசதியும் இருந்தது.

வியாழன் மாலை தம்பி வந்தான். மின்சாமான் கடை வைத்திருப்பவன். கடைக்கு வருகிறவர்கள் எல்லோருடைய நோயும் அவனுக்குத் தெரியும்.

"மாமா, என் கஸ்டமர் ஒருத்தர் பாதி ஆபரேஷன்ல முழிச்சுக்கிட்டு மணி என்னன்னு கேட்டாராம்."

"வாயில குழாயை வெச்சுக்கிட்டு எப்படிடா கேட்டாரு?" என்றாள் அக்கா, உள்ளே இருந்து.

"மணிக்கட்டைக் காட்டிக் கேட்டாராம்."

"அவர் வாட்சையும் கழட்டியிருப்பாங்க."

லிஃப்ட்காரர் சிரித்தார். மூன்று நாளில் அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான். முழித்துக்கொள்வதைப் பற்றி அவர் டாக்டரிடமே கேட்டிருந்தார். அது மிக அபூர்வம், மருந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற வேலை இல்லை இது, தையல் முடியும் வரை தலைமாட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு மூச்சையும் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த விஷயத்தில் அவருக்குப் பயம் இல்லை. இன்னொருவருடைய உயிரைக் கயிற்றில் ஏற்றி இறக்குகிறவருக்கு, அடுத்தவர் வேலையை நம்பத் தெரியும். அவருடைய பயமெல்லாம் கண் திறந்த பிறகு வரும் ஒரு மணி நேரத்தைப் பற்றியது.

வெள்ளி காலை ஐந்து மணிக்கு, டாக்டர் சொன்னபடி இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தார். பாலோ டீயோ கூடாது. ஆறு மணிக்குத் தம்பியின் வண்டியில் கிளம்பினார். மனைவி வாசலுக்கு வரவில்லை. சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது. கோபம்தான், சாயங்காலம் பல்லை மாட்டிக்கொண்டு சமாதானம் பண்ணிவிடலாம் என்று அவர் நினைத்தார்.

வார்டில் பச்சை அங்கி கொடுத்தார்கள். மோதிரம், வாட்ச், இடுப்புக் கயிறு எல்லாம் கழற்றித் தம்பியிடம் போயிற்று. நர்ஸ் அவர் கையில் ஊசி வைத்து நாடாவால் ஒட்டினாள். வந்திருப்பது அவர்தானா, செய்யப் போவது என்ன என்று அவர் வாயாலேயே மூன்று முறை சொல்ல வைத்தாள். "பல் செட்டு?" என்று அவள் கேட்டதும் அவர் மச்சானை வெளியே ஒரு பாட்டில் தண்ணீர் வாங்க அனுப்பினார்.

"நீங்கதான் தண்ணி குடிக்கக் கூடாதே மாமா?"

"நீ குடி."

அவன் போனதும் தகட்டைக் கழற்றி நர்ஸ் நீட்டிய டப்பாவில் போட்டார். மேலுதடு உள்ளே மடிந்தது. போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டார்.

தம்பி தண்ணீரோடு வந்தான். "என்ன மாமா, மணப்பொண்ணு மாதிரி மூடிக்கிட்டு?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். பேச்சில்லாமல் இரண்டு நிமிஷம் இருப்பது தம்பிக்கு ஒத்துவராது.

"பயப்படாதீங்க மாமா. அக்காவைத்தான் வர வேணாம்னுட்டீங்களே. அப்புறம் என்ன பயம்."

போர்வைக்கு மேல் இரண்டு கண்கள் அவனைப் பார்த்தன.

"நான் தப்பு சொல்லல. அக்காவே சொல்லிச்சு, அவர் உயிரு, அவர் ராசி பார்ப்பாருல்லன்னு. ஆனா ராத்திரியெல்லாம் போன் பண்ணி ஒரே அழுகை. அந்த அண்ணிக்காரி சொன்னதையே சொல்லிச் சொல்லி. வந்திருக்கு மாமா, சொல்லாதேன்னுது. மெயின் வாசல் தூணுக்குப் பின்னாடி நிக்குது. நீங்க உள்ள போறப்ப எதிர்ல வந்துடக் கூடாதாம்."

போர்வை கீழே இறங்கியது.

"என்னடா சொல்ற?" என்றார் லிஃப்ட்காரர். பாதி வார்த்தை காற்றாகப் போயிற்று.

"மாமா! பல்லு எங்க மாமா?"

"டப்பால."

"எப்பத்துலேர்ந்து?"

"இருபத்திரண்டு வருஷமா. ஓடு. போய் அவளைக் கூட்டிட்டு வா."

"இப்படியேவா?"

"இப்படியேதான். ஓடுடா!"

தம்பி ஓடினான். அவன் வார்டைத் தாண்டுவதற்குள் ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. தள்ளுகிறவர் நிதானமான ஆள். ஐந்து நிமிஷம் பொறுக்கச் சொன்னதற்கு, "தியேட்டர்ல எல்லாரும் கையக் கழுவிட்டு நிக்கிறாங்க ஐயா" என்று சொல்லிக்கொண்டே தள்ளினார். நடைபாதை திரும்பி, மருந்துக்கடை தாண்டி, லிஃப்டுக்குள் கால் பக்கமாக ஏற்றினார். தலை கதவை ஒட்டி இருந்தது. மூன்றாம் மாடிப் பொத்தான் அழுத்தப்பட்டது.

கதவு மூட வந்தது. லிஃப்ட்காரர் ஊசி இல்லாத கையைத் தலைக்கு மேல் நீட்டினார். கதவு திறந்துகொண்டது.

"கையை உள்ள வைங்க ஐயா."

கதவு மறுபடி வந்தது. மறுபடி கை நீண்டது.

"ஐயா, இது ஏற்கெனவே மக்கர் பண்ற லிஃப்ட்."

"தெரியும். சென்சார்ல தூசி. துடைச்சாப் போதும்."

நான்காவது முறை லிஃப்ட் கத்த ஆரம்பித்தது. விடாமல், ஒரே சுரத்தில். நடைபாதையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் தம்பியும், அவனுக்குப் பின்னால் அவளும் வந்தார்கள். அவள் பத்தடி தூரத்தில் நின்றுவிட்டாள்.

"கிட்ட வா."

அவள் அசையவில்லை.

"மேடம்" என்றார். பயம் வந்தால் அவருக்கு அந்தப் பழைய வார்த்தைதான் வரும். "மேடம், கொஞ்சம் கிட்ட வாங்க."

அவள் வந்தாள். அவர் படுத்தபடியே, முகம் தலைகீழாகத் தெரிய, வாயைத் திறந்து காட்டினார்.

"இதுக்குத்தான் வர வேணாம்னேன். இதை நீ பார்க்கக் கூடாதுன்னு. வேற ஒண்ணும் இல்ல. எனக்கு வேற ஒண்ணுமே தோணல."

லிஃப்ட் கத்திக்கொண்டிருந்தது. அவள் அந்த வெற்றிடத்தை வெகு நேரம் பார்த்தாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

"டாக்டர்கிட்ட பொய் சொன்னீங்க. என் கண் முன்னாடி."

"நீ ஈசிஜி வாங்கப் போனப்ப உண்மையைச் சொல்லிட்டேன்."

"அதுக்குத்தான் என்னை அனுப்பினாங்களா? அவங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நாலு நாளா நான் என்னத்த நினைச்சுக்கிட்டு இருந்தேன் தெரியுமா?"

"இப்பதான் மச்சான் சொன்னான்."

"நாலு பல்லுக்காக."

"நீ சிரிப்பைப் பார்த்துத்தானே..."

"எவன் சொன்னான்?"

அவர் கண்ணைத் திருப்பினார். தம்பி தண்ணீர்ப் பாட்டிலின் லேபிளைப் படிக்க ஆரம்பித்திருந்தான்.

"அம்மா" என்றார் ஸ்ட்ரெச்சர்காரர், "ஏறுறதுன்னா ஏறுங்க. இல்லன்னா இவர் கையை எடுக்கச் சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு."

அவள் ஏறினாள். கதவு மூடியது. மூன்று மாடியும் ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தியேட்டரின் சிவப்புக் கோட்டருகே, இதற்கு மேல் வரக் கூடாது என்றார்கள். கையை எடுத்தாள்.

உள்ளே குளிராக இருந்தது. நெஞ்சில் மூன்று இடத்தில் ஒட்டினார்கள், விரலில் ஒரு கிளிப் மாட்டினார்கள். மயக்க மருந்து டாக்டரின் முகம் தலைக்கு மேல் தெரிந்தது.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல."

"சரி, வந்து கேட்டுக்கலாம். இது வெறும் ஆக்சிஜன். நல்லா இழுத்து விடுங்க. கையில கொஞ்சம் சில்லுன்னு ஏறும்."

மாஸ்க்கில் புது பிளாஸ்டிக் வாசனை அடித்தது. நான்கு மூச்சு இழுத்தது அவருக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததில் அவருக்குப் பங்கு இல்லை. குழாய் முதல் முயற்சியிலேயே போயிற்று. மெஷின் நிமிஷத்துக்குப் பன்னிரண்டு முறை மூச்சு விட்டது. பித்தப்பை வெளியே வந்தது, அதில் ஆறு கற்கள் இருந்தன. ஒரு மணி பத்து நிமிஷம் கழித்து, கண்ணைத் திறங்க, நல்லா மூச்சு விடுங்க என்று யாரோ கூப்பிட்டார்கள். அவர் திறந்தாராம், மூச்சு விட்டாராம், குழாயை எடுத்தபோது இருமினாராம். இதெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது.

"வீட்டு ஆளு ஒருத்தர் வாங்க" என்று நர்ஸ் கதவைத் திறந்து கூப்பிட்டபோது, படிவத்தில் தன் பேர் இருக்கிறதே என்று தம்பி எழுந்தான்.

"உட்காரு" என்றாள் அக்கா.

மயக்கம் தெளியும் அறையில் ஐந்து கட்டில்கள் இருந்தன. லிஃப்ட்காரர் இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். நடுக்கம் சாதாரணம், அரை மணியில் நின்றுவிடும் என்றாள் நர்ஸ். தொண்டை கமறும், குரல் இரண்டு நாள் கரகரப்பாக இருக்கும், குமட்டல் வந்தால் சொல்லுங்கள் என்றாள். மாஸ்க்குக்குள் வாய் பாதி திறந்து கிடந்தது. அவர் கை தானாக அதை மூடப் போயிற்று. மனைவி அந்தக் கையைப் பிடித்துப் போர்வைக்குள் வைத்தாள்.

"மாஸ்க்கை இழுக்காதீங்க. நான்தான் இருக்கேன்."

கண் திறந்தது. அவளைத் தேடிப் பிடிக்கச் சற்று நேரம் ஆயிற்று.

"ஆபரேஷன்?"

"முடிஞ்சுது."

"நீ வந்தியா?" குரல் தேய்ந்த பிரேக் போல வந்தது.

"வந்திருக்கேன்."

"சரி" என்று தூங்கிப்போனார். இரண்டு நிமிஷத்தில் மறுபடி கண்ணைத் திறந்தார்.

"நீ வந்தியா?"

"வந்திருக்கேன்."

நான்கு நாளாக அவரிடம் கேட்காமல் விட்ட கேள்விகள் அவளிடம் வரிசையாக இருந்தன. மூன்று மாடி ஏறும்போது அவற்றோடு இன்னும் சில சேர்ந்திருந்தன. திட்டவும் நிறைய இருந்தது. அவர் மூன்றாம் முறை அதே கேள்வியைக் கேட்டார். அவள் அதே பதிலைச் சொன்னாள். நான்காம் முறை கேட்டபோது ஸ்டூலை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள்.

"மருந்து இறங்கற வரைக்கும் இப்படித்தான்மா, சொன்னதையே சொல்வாங்க" என்றாள் நர்ஸ். "எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டு இருக்காதீங்க. எதுவும் அவருக்கு ஞாபகம் இருக்காது."

"பரவாயில்ல சிஸ்டர்" என்றாள் அவள். "கேட்கட்டும்."

அவர் கண்ணைத் திறந்தார். "நீ..."

"வந்திருக்கேன்" என்றாள்.